கூரையில்லாச் சத்திரம்

காசு கொடுக்காமல் தலை சாய்க்கக் கிடைக்கும் இடங்கள் நம் நாட்டில் அருகிக்கொண்டே வருகின்றன. நம் பாட்டன்மார் காலத்தில் சாலைதோறும் சத்திரம் இருந்தது. ஊர்தோறும் சாவடி இருந்தது. இன்று சத்திரங்களிற் பல கலியாண மண்டபங்களாகிவிட்டன. கோயில் மண்டபத்தை இரவில் பூட்டிவிடுகிறார்கள். ரயில் நிலையத்தில் துண்டை விரித்துப் படுத்தாலும் பயணச்சீட்டு எங்கே என்று எழுப்புகிறார்கள். எஞ்சியிருப்பது காடு ஒன்றுதான். அதுவும் உண்மையில் எஞ்சியிருக்கிறதா என்று பார்த்துவரத்தான் சென்ற அக்டோபரில் நாங்கள் மூவர் தில்லியிலிருந்து புறப்பட்டோம் என்று எழுதினால் பெருமையாக இருக்கும். உண்மை அதுவன்று. எங்களிடம் பணம் இல்லை. ஆனால் மலை பார்க்கும் ஆசை இருந்தது.

மலைப்பயணம் நடத்தும் நிறுவனங்கள் விளம்பரம் செய்யும் மூன்று நாள் பயணத்துக்கு எங்கள் விடுதியின் இரண்டு மாதச் சாப்பாட்டுக் கட்டணம் ஆகும். அவர்கள் கூடாரம் அடித்துத் தருவார்கள், சமைத்துப் போடுவார்கள், இரவில் தீ மூட்டிப் பாட்டும் வைப்பார்கள். நான் சொல்லவந்தது அந்த வகையை அன்று. கூடாரம், படுக்கை, அரிசி, அடுப்பு எல்லாவற்றையும் தன் முதுகிலேயே சுமந்து, காட்டுப்பாதை வழியே நடந்து, பொழுது சாயும் இடத்தில் படுத்து, மறுநாள் இருந்த சுவடு தெரியாமல் எழுந்து போவது. அங்கே குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, காவலாள் இல்லை, கட்டணமும் இல்லை. அமெரிக்காவின் தேசியக் காடுகளில் பல இடங்களில் இப்படிப் பதினான்கு நாள்வரை தங்கலாம். யாரும் ஒரு காசு கேட்பதில்லை. அங்கே அப்பலாச்சியன் நெடும்பாதை என்று ஒன்றுண்டு. 1921இல் பென்டன் மக்காய் என்பவர் எழுதிய ஒரு கட்டுரையில் முளைத்த எண்ணம். 1937இல் பாதை முடிந்தது. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 3,500 கிலோமீட்டர். வழியெங்கும் மூன்று பக்கச் சுவரும் ஒரு கூரையும் உள்ள குடில்கள் நிற்கின்றன. அவை நம் சாவடிகளின் ஒன்றுவிட்ட தம்பிகள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நிற்க. புறப்படுமுன் என் தாயாரிடம் அனுமதி பெற வேண்டியிருந்தது. இருபத்துமூன்று வயதில், தாவரவியல் முதுகலை படிக்கும் ஒருவன், தாயாரிடம் அனுமதி கேட்பதா என்று நண்பர்கள் நகைப்பார்கள். நகைக்கட்டும். எங்கள் ஊர் போடிநாயக்கனூர். 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11, ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது பள்ளி மாணவன், தேர்வுக் காலம். மாலையில் குரங்கணி மலைப்பக்கம் புகை எழுந்தது. கோடையில் மலையில் தீப்பிடிப்பது எங்களுக்குப் புதிதன்று. மாடியில் நின்று பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டேன். இருட்டிய பிறகுதான் ஊர் முழுதும் செய்தி பரவியது: கொழுக்குமலைப் பக்கத்திலிருந்து இறங்கிவந்த மலையேற்றக் குழுவினர் அந்தத் தீயில் சிக்கிவிட்டார்கள். இரவெல்லாம் ஆம்புலன்சு வண்டிகளின் ஓசை. மறுநாள் எங்கள் தலைக்கு மேலே ஹெலிகாப்டர்கள் பறந்தன. அன்றும் அதன்பின் மருத்துவமனைகளிலுமாக இறந்தவர்கள் இருபதுக்கு மேற்பட்டோர். பெரும்பாலோர் இளம் வயதினர். அவர்களும் தத்தம் வீட்டில் சொல்லிக்கொண்டுதான் வந்திருப்பார்கள்.

ஆகவே, “மலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம் அம்மா” என்று தொலைபேசியில் சொன்னபோது மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே வரவில்லை. பிறகு, “அங்கேயும் காய்ஞ்ச புல்லுதானே தம்பி இருக்கும்?” என்றார். அக்டோபரில் மழைக்காலம் முடிந்த ஈரம் மண்ணில் இருக்கும், நாங்கள் போவது பசுமையான ஓக் காடு, தீப்பிடிப்பது பெரும்பாலும் கீழே உள்ள பைன் காட்டில், அதுவும் மே, சூன் மாதங்களில் என்றெல்லாம் விரிவுரை செய்தேன். என் ஆசிரியர்கள் கேட்டிருந்தால் நல்ல மதிப்பெண் கொடுத்திருப்பார்கள். தாயார் கொடுக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு வாக்குக் கேட்டார்: எந்தக் குளிரானாலும் நான் தீ மூட்டக்கூடாது. கொடுத்தேன்.

நாங்கள் மூவர் என்றேனே, மற்ற இருவர் யார் என்று சொல்ல வேண்டும். ஒருவர் சேலத்துக்காரர், வேதியியல். இன்னொருவர் வங்காளி நண்பர், இயற்பியல்; தமிழ்ச் சங்கத்துப் பொங்கலுக்கு மூன்று ஆண்டுகளாகத் தவறாமல் வருகிறவர், பொங்கலுக்காகவே. பதான்கோட்டு வரை ரயில். அங்கிருந்து பஸ்ஸில் தர்மசாலா. அந்த ஊரின் பெயரைக் கேட்டவுடன் எனக்கு மகிழ்ச்சி. வடநாட்டில் தர்மசாலை என்றால் சத்திரம் என்று பொருள். ஆனால் ஊரின் பெயர்தான் சத்திரம். அறை வாடகையைக் கேட்டதும் அன்றிரவே மலையேறிவிடலாமா என்று சேலத்தார் கேட்டார். ரயிலில் எரிவாயு கொண்டுபோகக் கூடாது என்பதால் அடுப்புக்குரிய சிறு எரிவாயுக் குப்பியை அங்கேதான் வாங்கினோம். கூடாரம் பல்கலைக்கழக மலையேற்றச் சங்கத்தின் இரவல்.

தர்மசாலாவுக்கு வடமேற்கே, தௌலாதர் மலைத்தொடரின் தென்சரிவில், 2,934 மீட்டர் உயரத்தில் கரேரி என்றொரு ஏரி உண்டு. பனி உருகிய நீர். அதிலிருந்து வழிந்தோடும் நியுந்து என்னும் ஓடையின் கரையோடு, கரேரிச் சிற்றூரிலிருந்து ஒரு பகல் முழுதும் ஏறவேண்டும். ஊரில் வனக்காவலர் ஒருவர் எங்கள் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் ஓர் ஏட்டில் எழுதிக்கொண்டார். காசு கேட்கவில்லை. “குப்பையைக் கீழே கொண்டுவாருங்கள்” என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு நாள் நடையில் நான் கண்ட மரங்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த மலர் முழுவதும் போதாது; சுருங்கச் சொல்கிறேன். கீழே சீல் என்று அவ்வூரார் அழைக்கும் பைன் மரம். மூன்று மூன்றாக ஊசியிலைகள். அந்த இலைகள் உதிர்ந்து பாதையெங்கும் பழுப்பு மெத்தையாகக் கிடக்கின்றன. காய்ந்தால் எண்ணெயில் தோய்த்த திரிதான். சற்று மேலேறியதும் காடே வேறாகிவிடுகிறது. பான் என்னும் ஓக் மரங்கள் வருகின்றன. இலையின் மேற்புறம் கரும்பச்சை, அடிப்புறம் வெள்ளி. காற்றடித்தால் மலைச்சரிவு முழுதும் ஒரு கணம் வெளுத்துப் பின் பழையபடி இருள்கிறது. அவற்றின் அடியில் மண்ணை மிதித்தால் கால் அமிழ்கிறது. அந்த உதிர்ந்த இலைப்படுகைதான் மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கிறது.

ஓக் மரங்களுக்கிடையே முறுக்கிய தண்டோடு ஒரு மரம். கண்டதும் நின்றுவிட்டேன். அது ரோடோடெண்ட்ரான். நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலையோரத்தில் நிற்கிற நம் காட்டுப்பூவரசு இதே இனத்தின் ஒரு கிளைதான். இமயத்துக்கும் நீலகிரிக்கும் நடுவே ஈராயிரம் கிலோமீட்டருக்கு அதற்கு இடமில்லை. குளிர்ந்த காலமொன்றில் தெற்கே வந்து, வெப்பம் திரும்பியபோது மலையுச்சியில் ஒதுங்கிவிட்ட உறவு என்று அறிஞர் கருதுகின்றனர். பூக்கும் பருவம் அன்று. இருந்தும் இலையைத் தொட்டுப் பார்த்தேன். “ஊர்க்காரரைப் பார்த்துவிட்டீர்களா?” என்றார் வங்காளி நண்பர்.

மாலை நான்கு மணிக்கு ஏரியை அடைந்தோம். நீர் அவ்வளவு தெளிவு. அடியிலுள்ள கற்களை எண்ணலாம். மேட்டின்மேல் சிவனுக்கும் சக்திக்கும் ஒரு சிறு கோயில். கரையிலோ நீலமும் மஞ்சளும் சிவப்புமாக வாடகைக் கூடாரங்கள் சந்தைபோல் நெருங்கி நின்றன. ஒலிபெருக்கி ஒன்று இந்திப் பாட்டுப் பாடியது. சேலத்தார் முகம் வாடியது. எனக்கு மட்டும் கவலையில்லை. ஏரிக்கரையில் தங்கும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. காரணங்களை இங்கே சொல்லிவிடுகிறேன், போகிறவர்களுக்குப் பயன்படும்.

குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது நீர்போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஏரி இருப்பது பள்ளத்தில். இருபது முப்பது மீட்டர் மேலே, மரத்தடியில் உள்ள மேடைநிலம் அதைவிட வெதுவெதுப்பாக இருக்கும். திறந்த வானத்தின்கீழ் நிலம் தன் வெப்பத்தை எல்லாம் இழந்துவிடுகிறது. மேலே கிளை இருந்தால் அது ஒரு போர்வை. அன்றியும், குடிக்கும் நீருக்கு அருகே மனிதர் படுத்தால் என்னென்ன நேரும் என்று விளக்க வேண்டுமா? நீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி இருப்பதுதான் முறை. கழிப்பிடத்துக்கும் அதே கணக்கு. மலராசிரியர் அடுத்த வாக்கியத்தை வெட்டாமலிருக்கக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, வேலை முடிந்ததும் மண்ணைப் போட்டு மூட வேண்டும். ஏனெனில் மண்ணில் நுண்ணுயிர்கள் நிறைந்திருப்பது அந்த மேலடுக்கில்தான். அதற்கும் கீழே புதைத்தால் நெடுநாள் மக்காமல் கிடக்கும். மூன்று ஆண்டு நுண்ணுயிரியல் படித்ததன் பயனை நான் முதன்முதலில் கண்டது அந்தக் குழியருகே.

சமையல் சுருக்கமாக முடிந்தது. அவ்வுயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும்; துவரம்பருப்பு வேகவே வேகாது. இதை முன்பே கணக்கிட்டுப் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோயிருந்தேன். அரிசி வேக இருமடங்கு நேரம் ஆயிற்று. வங்காளி நண்பர் தாம் கொண்டுவந்த பொரியில் என் பருப்புப்பொடியைக் கலந்து தின்று, இரு நாகரிகங்களும் இணைந்துவிட்டன என்றார்.

பொழுது போனதும் குளிர் வந்தது. குளிர் என்று எழுதுவது எளிது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்று நூலில் படித்தவன்தான் நான். அந்த ஆறரையை விரல் நுனியில் உணர்வது வேறு. கைகள் நடுங்கின. சேலத்தார் எழுந்து இரண்டு காய்ந்த கிளைகளைப் பொறுக்கிவந்தார். “சிறு நெருப்பு. அரை மணி நேரம். நானே அணைத்துவிடுகிறேன்” என்றார்.

வேண்டாம் என்றேன். கீழே ஏரிக்கரையில் நான்கு இடங்களில் தீ எரிகிறதே என்றார். அது அவர்கள் பாடு என்றேன். ஈரமண் என்று உம் தாயாரிடம் நீரே சொன்னீரே என்று மடக்கினார். அதுவும் உண்மைதான். மூட்டினாலும் ஒன்றும் நேர்ந்திருக்காது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆயினும் அந்தக் கிளைகளைப் பார்க்கையில் எனக்கு எங்கள் வீட்டு மாடி நினைவுக்கு வந்தது. புகையைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிய பிள்ளை நினைவுக்கு வந்தான். நான் இதுவரை எவரிடமும் பேசாத அந்த இரவைப் பற்றி அன்று அவ்விருவரிடமும் சொன்னேன். நடுங்கிக்கொண்டே சொன்னதால் சொற்கள் உடைந்து உடைந்து வந்தன. சொல்லி முடித்தபோது சேலத்தார் கிளைகளைக் கீழே வைத்துவிட்டிருந்தார். அவரும் ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பேச்சற்ற வேளையில்தான் நாய் குரைத்தது. எங்களுக்கு மேலே, பாறைச் சுவர் ஓரமாக, ஒரு சிறு வெளிச்சம். சிறிது நேரத்தில் கம்பளிச் சட்டையும் இடுப்பில் சுற்றிச் சுற்றிக் கட்டிய கறுப்புக் கம்பளிக் கயிறுமாக ஒரு முதியவர் வந்து நின்றார். “பிள்ளைகளா, குளிர்காய வாருங்கள்” என்றார் இந்தியில்.

அவர் கத்தி இனத்து இடையர். பெயரைத் தமிழில் எழுதினால் வெட்டுகிற கத்தி ஆகிவிடுகிறது. ஆளோ அவ்வளவு மென்மை. கோடையெல்லாம் மலைக்கு அப்பால் சம்பாப் பக்கம் ஆடு மேய்த்துவிட்டுக் கணவாய் தாண்டி இறங்கி வருகிறவர். கற்களை அடுக்கி மூன்று பக்கமும் மறைத்த அடுப்பு. அடியில் பல ஆண்டுச் சாம்பல் கெட்டித்திருந்தது. அவருடைய தந்தையார் காலத்து அடுப்பாம். ஒரு கைப்பிடிச் சுள்ளியில் அவர் எங்கள் மூவரையும் காயவைத்தார். தாயாருக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தீ மூட்டமாட்டேன் என்றுதான் சொன்னேன். மூட்டிய தீயருகே உட்காரமாட்டேன் என்று சொல்லவில்லையே!

பேச்சுவாக்கில் அவர் சொன்ன ஒன்று என்னைச் சுட்டது. எங்கள் கூடாரம் நிற்கும் மேடையை அவர் சுட்டிக்காட்டி, “இன்று அங்கே ஆடுகளை அடைப்பதாக இருந்தேன். நீங்கள் வந்துவிட்டீர்கள், மேலே அடைத்துக்கொண்டேன்” என்றார். குறையாகச் சொல்லவில்லை; வானிலை சொல்வதுபோல் சொன்னார். மலையில் சமதளம் மிகக் குறைவு. ஏரிக்கரையில் கூடாரம் நெருங்கிவிட்டதால் இடையர்கள் அங்கே ஆடு நிறுத்துவதில்லையாம். நாம் இலவசம் என்று மகிழ்கிற இடத்துக்கு வேறொருவர் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு அதுவரை தோன்றியதில்லை. எந்த வழிகாட்டி நூலிலும் அது இல்லை. உடனே எழுந்து கூடாரத்தைப் பிரிக்கிறோம் என்றோம். “இரவில் ஆடுகளை எழுப்பாதீர்கள்” என்று கையமர்த்தினார்.

குளிர்காலத்தில் அவர் கீழே சமவெளி வயல்களில் ஆடுகளை நிறுத்துவாராம். எருவுக்காக உழவர்கள் அவரை வரவேற்பார்களாம். எங்கள் நாட்டிலும் இராமநாதபுரத்துக் கீதாரிகள் இப்படித்தான் வயலில் கிடை போடுகிறார்கள் என்று சொன்னேன். ‘கிடை’ என்ற சொல்லை அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தில்லி திரும்பியபின் படித்தேன். 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதே குற்றம். தடுக்கப்பட்ட பருவத்தில் தீ மூட்டுவதும், ஏன், தீயை எடுத்துச் செல்வதும் குற்றம். வெள்ளையர் காலத்துச் சட்டம். மரத்தைக் காக்க எழுதியது, மனிதரை எண்ணி எழுதியதன்று. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வந்த பிறகுதான் பருவந்தோறும் இடம்பெயரும் இடையர்களின் மேய்ச்சல் உரிமை ஏட்டில் ஏறியது. எங்களைப் போன்ற வழிப்போக்கருக்கு உரிமை என்று ஒன்றும் இல்லை. ஒரு வனக்காவலரின் பெருந்தன்மைதான் உண்டு. பக்கத்து உத்தரகண்டில் 2018 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதையே தடைசெய்தது. நம் தமிழகத்தில் குரங்கணிக்குப் பிறகு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 40 மலைப்பாதைகளைத் திறந்தது. முன்பதிவு, கட்டணம், வழிகாட்டி எல்லாம் உண்டு. பெரும்பாலும் பகலில் நடந்து திரும்பிவிட வேண்டும். மனிதர் உயிர் போன பிறகு வந்த ஏற்பாட்டைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. என் ஊர் மலையில் ஓர் இரவு படுத்திருக்க எனக்கு ஆசை இருப்பதையும் மறைக்க மாட்டேன்.

சுவீடனில் எவரும் பெரும்பாலான காடுகளில் ஓரிரவு தங்கலாம் என்பது வழிவழி வந்த உரிமை. ஸ்காட்லாந்தில் 2003இல் சட்டமாகவே அதைச் செய்தார்கள். ஆனால் அங்கும் லோமண்டு ஏரியைச் சுற்றிக் கூட்டமும் குப்பையும் வெட்டிய மரங்களும் பெருகவே, 2017 முதல் மார்ச்சிலிருந்து செப்டம்பர்வரை கரையில் பல இடங்களில் தங்க அனுமதிச் சீட்டு வேண்டியிருக்கிறது. சட்டம் கொடுத்ததைப் பதினான்கே ஆண்டில் பீர்ப்புட்டி பறித்துக்கொண்டது.

விடியற்காலையில் என் வெப்பமானி 3 டிகிரி காட்டியது. கூடாரத்தின் உட்புறம் நாங்கள் இரவெல்லாம் விட்ட மூச்சு நீர்த்துளியாகக் கோத்து நின்றது. தேநீர் போட்டு முதியவருக்கும் ஒரு குவளை கொண்டுபோனோம். போடியிலிருந்து வந்த கருப்பட்டி ஒரு வட்டு எஞ்சியிருந்தது, அதையும் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு எதில் செய்தது என்றார். மரத்தின் சாறு என்றேன். மரத்திலிருந்து வெல்லம் வருமா என்று சிரித்தார். படித்த பிள்ளைகள் கிழவனிடம் கதை விடுகிறார்கள் என்று நினைத்திருப்பார். பனைமரத்தைத் தாளில் வரைந்து காட்டினேன். நம்பினாரோ என்னவோ, கருப்பட்டியை மட்டும் பத்திரமாகச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

கூடாரத்தைப் பிரித்து, சுற்றிலும் கிடந்த குப்பையைப் பொறுக்கினோம். எங்களுடையது ஒரு சிறு பை. பிறருடையது இரண்டு பெரிய பை. பெரிய பைகளைச் சேலத்தார் கேட்காமலே எடுத்துத் தம் முதுகில் கட்டிக்கொண்டார். நாங்கள் பாதையில் இறங்கியபோது மேலே சீழ்க்கை ஒலித்தது. திரும்பிப் பார்த்தேன். நாங்கள் படுத்திருந்த மேடையில் புல் இன்னும் நீள்சதுரமாக மடிந்து கிடந்தது. அதன்மேல் ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்துகொண்டிருந்தன.